ஆடி பிறக்குமுன் அடுப்படிக் கேள்விகள்

ஆனி முடியப் போகுது. வண்டியில மாம்பழம் குறையுது, கடைவீதியில தேங்காயைச் சொருகிச் சுடற அழிஞ்சி மரத்துக் குச்சி இறங்கப் போகுது. வந்த கேள்விகள்ல தேங்காய் சுடறதுக்குத்தான் அவசரம், அதனால அது முதல்ல.

அஸ்தம்பட்டியிலிருந்து: அக்கா, நான் மதுரைப் பொண்ணு, கல்யாணமாகி சேலம் வந்திருக்கேன். ஆடி ஒண்ணாம் தேதி தேங்காய் சுடணும்னு அத்தை சொல்றாங்க. மூணாவது மாடி பிளாட். கேஸ் அடுப்புல சுடலாமா? உள்ளே என்னென்ன போடணும்?

கேஸ் அடுப்பு வேண்டாம் கண்ணு. ஓடு விரிசல் விட்டதும் வெல்லப்பாகு பர்னர்ல ஒழுகி அடைச்சுக்கும். மொட்டை மாடிக்குப் போங்க. நாலு செங்கல், காஞ்ச கொட்டாங்குச்சி, கொஞ்சம் கரி இருந்தாப் போதும். பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிடுங்க. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் அன்னிக்குத் தெருவே வாசல்ல உட்கார்ந்து சுடும்.

காய் நல்லா முத்தினதா இருக்கணும். குடுமி, நார் ஒண்ணும் விடாம உரிச்சு, சொரசொரப்பான தரையில தேய்ச்சு மேல் ஓடு வழவழன்னு ஆகற மாதிரி பண்ணுங்க. நார் மிச்சமிருந்தா அது பத்திக்கிட்டு புகை நாத்தம் அடிக்கும். மூணு கண்ணுல மெதுவா இருக்கறதை மட்டும் குத்தி, தண்ணியை டம்ளர்ல வடிச்சு வைங்க. கீழே கொட்டிடாதீங்க, அது வேணும்.

உள்ளே போறது வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள்ளு, அவல், பொடிச்ச வெல்லம், ஒரு சிட்டிகை ஏலக்காய். அந்தச் சின்னத் துளை வழியா இத்தனையும் இறங்கணும், பொறுமையாத்தான் தள்ளணும். வீட்டுல பசங்க இருந்தா அவங்ககிட்ட விட்டுடுங்க. முக்கால் பங்கோட நிறுத்திக்கங்க, அவலும் பருப்பும் ஊறிப் பெருக்கும். அப்புறம் எடுத்து வச்ச தேங்காய்த் தண்ணியில கொஞ்சம் திருப்பி ஊத்துங்க. இல்லேன்னா பருப்பு நறநறன்னு நிக்கும்.

அழிஞ்சிக் குச்சி நுனியைச் சீவி, துளையில இறுக்கமாச் சொருகி, காய்க்கு மஞ்சள் பூசுங்க. குச்சி பச்சையா இருக்கான்னு பார்த்து வாங்குங்க. காஞ்ச குச்சின்னா தேங்காய்க்கு முன்னாடி அதுதான் எரியும். கொழுந்து விட்டு எரியற தீயில காட்டாம, தழல் மேல சுத்திச் சுத்திக் காட்டுங்க. ஓடு கருத்து, விரிஞ்சு, வெல்ல வாசம் வந்ததும் எடுத்து, பிள்ளையாருக்குப் படைச்சுட்டு உடைக்கலாம். பாரதப் போர் ஆடி 1-ல தொடங்கி 18-ல முடிஞ்சதாவும், அதை வச்சு வந்த வழக்கம் இதுன்னும் பெரியவங்க சொல்லுவாங்க.

இப்ப சிலர் முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் திணிக்கறாங்க. எனக்கு அது பிடிக்காது. எள்ளும் வெல்லமும் தேங்காய்க்குள்ளேயே வெந்து வர்ற ருசியை அது அமுக்கிடும்.

ஏற்காடு நாகலூரிலிருந்து: அம்மா, சேலத்துல மூணு விசில்ல குழையற துவரம்பருப்பு இங்கே அஞ்சு விட்டாலும் முழுசா நிக்குது. இட்லி மாவும் பொங்கறதில்லை. குக்கரை மாத்தணுமா?

குக்கரை மாத்த வேண்டாம் தம்பி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி அங்கே ஏறக்குறைய 95-லேயே கொதிச்சுடும். அதனால திறந்த பாத்திரத்துல பருப்பு வேகவே வேகாதுங்கற மாதிரி படுத்தும். குக்கர்ல வித்தியாசம் குறைவு. ஆனா வெளிக்காத்தோட அழுத்தமே அங்கே கம்மிங்கறதால உள்சூடும் ரெண்டு மூணு டிகிரி குறையத்தான் செய்யும். பருப்பை அரைமணி நேரம் ஊற வைங்க. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சுட்டு, விசிலை எண்ணாம கடிகாரத்தைப் பாருங்க, கீழே வைக்கறதைவிட அஞ்சு நிமிஷம் கூட. புளி, தக்காளி எதையும் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்கணும், புளிப்பு பட்டா பருப்பு விறைச்சுக்கும்.

மாவு பொங்காததுக்குக் குளிர்தான் காரணம். வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைச்சு, உப்புப் போட்டு கையால கரைச்சு, மூடி, கம்பளிப் போர்வை சுத்தி அடுப்புப் பக்கமா வைங்க. ராத்திரி அரைச்சு காலையில எதிர்பார்க்காதீங்க. மதியமே அரைச்சுடுங்க.

ஆத்தூரிலிருந்து: தெரிஞ்சவர் வயல்ல பிடுங்கின குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஒரு மூட்டை குடுத்தார். வேக வச்சா லேசாக் கசக்குது. மசாலா போட்டா சரியாயிடுமா?

ஆகாது. கசப்பை மசாலாவால மறைச்சு சாப்பிடவே கூடாது. குச்சிக்கிழங்குல சயனைடு உண்டாக்கற பொருள் இருக்கு, கசக்கிற ரகத்துல அது அதிகம். ஜவ்வரிசி ஆலைக்குன்னு போடற ரகத்துல கசப்பான கிழங்கும் வரும். ஆலையில அரைச்சு, கழுவி, மாவைத் தனியாப் பிரிச்சுடறாங்க. வீட்டுல அது நடக்காது. அந்த மூட்டையை விட்டுடுங்க.

சாப்பாட்டுக்குன்னு விக்கிற நல்ல கிழங்கையும் தடிமனாத் தோல் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணியில மூடாம வேக வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. பச்சையா ஒரு துண்டு கூட பசங்க வாயில போக வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய்த் துருவலும் சட்னியும் வச்சு வீட்டுல செட் போட்டா தட்டுவடை நமுத்துப் போகுது. கடையில மட்டும் எப்படி மொறுமொறுன்னு இருக்கு?

கடைக்காரர் நீங்க கேட்ட பிறகு அடுக்கறார், நீங்க நின்னபடியே வாயில போடறீங்க. அவ்வளவுதான் ரகசியம். வீட்டுல நாம தட்டுல பன்னெண்டு செட் அடுக்கி வச்சுட்டு எல்லாரையும் கூப்பிடறோம். பீட்ரூட்டையும் கேரட்டையும் துருவினதும் பிழிஞ்சுடுங்க. கார சட்னியும் பச்சை சட்னியும் கெட்டியா இருக்கட்டும். எலுமிச்சையும் உப்பும் கடைசியில. தட்டுவடையே மெத்துனு இருந்தா, தட்டினது தடிமன், இல்லேன்னா எண்ணெய் காயலை.

அம்மாபேட்டையிலிருந்து: கோடையில ஜவ்வரிசி வத்தல் போட விட்டுப்போச்சு. ஆடிக் காத்துல போடலாமா?

காத்து காய வைக்கும், கூடவே தெரு மண்ணையும் கொண்டு வந்து ஒட்டும். நான் போட மாட்டேன். போட்டே ஆகணும்னா மேலே மெல்லிசா வேட்டித் துணி கட்டிக்கங்க. உப்பைக் கஞ்சியில ருசி பார்த்து சரியா இருக்குன்னு விடாதீங்க, கம்மியா இருக்கணும். காஞ்சதும் அது தூக்கிக் காட்டும். உடைச்சா பட்டுனு ஒடியற வரைக்கும் டப்பாவுல போடக் கூடாது.

ஓமலூரிலிருந்து: மல்கோவா மாம்பழம் வாங்கினோம், தோல் இன்னும் பச்சையாவே இருக்கு. பழுத்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மல்கோவா முழு மஞ்சளாகணும்னு காத்திருந்தா அழுகிடும். காம்புகிட்ட மோந்து பாருங்க, வாசம் தூக்கினா அறுத்துடலாம். தோல் மட்டும் பளபளன்னு மஞ்சளா, வாசமே இல்லாம இருக்கற பழத்துலதான் எனக்குச் சந்தேகம் வரும். கார்பைடு கல் வச்சுப் பழுக்க வைக்கறதுக்குத் தடை இருக்கு, ஆனாலும் நாம பார்த்துத்தான் வாங்கணும். காயா வாங்கினா வைக்கோல்லயோ பேப்பர்லயோ பொதிஞ்சு வைங்க, பக்கத்துல ஒரு பழுத்த வாழைப்பழம். கொட்டையைத் தூக்கிப் போடாதீங்க. சதை ஒட்டினபடியே புளிக்குழம்புல போட்டுக் கொதிக்க விடுங்க, ராத்திரிக்கு வேற எதுவும் செய்ய வேண்டியதில்லை.