‘என்’ வகைச் சிலிக்கானைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?

கேள்வி: ‘என்’ வகைக் குறைகடத்தியில் எலெக்ட்ரான் கூடுதலாம். அப்படியென்றால் அது எதிர் மின்னூட்டம் கொண்டதுதானே, தொட்டால் ஷாக் அடிக்காதா? ‘பி’ வகையில் துளை நகர்கிறது என்கிறார்கள், வெறும் ஓட்டை எப்படி நகரும்?
- பிளஸ் டூ மாணவி, பாலக்கோடு

பதில்: அடிக்காது, தைரியமாகத் தொடலாம். ‘கூடுதல்’ என்ற சொல்தான் ஆளைக் குழப்புகிறது. மின்சாரத்தை ஓரளவே கடத்தும் குறைகடத்தியான சிலிக்கானில் கலக்கிற பாஸ்பரஸ் அணு 15 எலெக்ட்ரானோடு வருகிறது, சரி, ஆனால் கருவில் 15 புரோட்டானையும் சேர்த்துத்தானே கொண்டுவருகிறது? கணக்கு நேராகிவிட்டது. வெளிக்கூட்டில் இருக்கும் 5 எலெக்ட்ரானில் 4 பக்கத்துச் சிலிக்கான் அணுக்களோடு பிணைந்துகொள்ள, ஐந்தாவதுக்கு ஜோடி இல்லை. அறையின் சூடே அதைக் கழற்றிவிடப் போதும். பிணைப்புக்குப் போக மீதி, அதைத்தான் கூடுதல் என்கிறோம். மொத்த மின்னூட்டம் சுழி.

கலக்கிற அளவைப் பார்த்தால்தான் ஆச்சரியம். சுத்தமான சிலிக்கானில் ஒரு கன சென்டிமீட்டருக்கு அறை வெப்பநிலையில் அவிழ்ந்து திரியும் எலெக்ட்ரான் ஏறக்குறைய 1,000 கோடி, அவை விட்டுப்போன காலி இடமான துளையும் அதே அளவு. 50 லட்சம் சிலிக்கான் அணுவுக்கு ஒரே ஒரு பாஸ்பரஸ் என்று கலந்தால் போதும், எலெக்ட்ரான் 10 லட்சம் மடங்கு பெருகிவிடும். துளையோ 1,000 கோடியிலிருந்து வெறும் 10 ஆயிரத்துக்கு இறங்கிவிடும், இத்தனை எலெக்ட்ரான் சுற்றும்போது எந்தத் துளை நிரம்பாமல் தப்பும்? மின்னோட்டத்தைச் சுமப்பவற்றில் எண்ணிக்கையில் குறைந்ததை ‘சிறுபான்மை ஊர்தி’ என்று பாடத்தில் ஒற்றை வரியில் படிப்பது இதைத்தான்.

‘பி’ வகைக்கு 3 வெளி எலெக்ட்ரான் உள்ள போரான். ஒரு பிணைப்பில் ஆள் குறைகிறது, அந்தக் காலி இடம்தான் துளை. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஓசூர் பக்கம் போகும் வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன் வண்டி நகர்ந்ததும் ஓர் இடைவெளி, அடுத்த வண்டி அதை நிரப்ப இடைவெளி பின்னால் போகிறது, கடைசியில் வண்டியெல்லாம் ஓசூர் பக்கம், இடைவெளி மட்டும் தர்மபுரி பக்கம்!

ஆனால் இந்த உவமையை ரொம்ப நம்பாதீர்கள். மின்னோட்டம் பாயும் ‘பி’ வகைத் துண்டைக் காந்தப்புலத்தில் வைத்து, குறுக்கே உண்டாகும் மின்னழுத்தத்தை அளந்தால், அதன் குறி ‘என்’ வகைக்கு நேர் எதிராக வரும். இதுதான் ஹால் விளைவு. எலெக்ட்ரான்தான் இடம் மாறுகிறது, துளை வெறும் பேச்சு என்றால் இரண்டுக்கும் ஒரே குறிதானே வரவேண்டும்? துளை நேர் மின்னூட்டத் துகள் போலவே நடந்துகொள்கிறது. காரணம் குவாண்டம் இயற்பியலில் இருக்கிறது, கல்லூரிக்குப் போனதும் ‘ஆற்றல் பட்டை’ என்ற பாடத்தைத் தேடிப் படியுங்கள்.