பண்டிகை கிஃப்ட்டை சின்ன ஆளுங்ககிட்ட வாங்கணும்னா எங்க, எப்படி வாங்கறது? வெளிநாட்டு சின்ன கடைங்ககிட்டயும் வாங்கலாமா?

நான் பெரம்பூர், அதனால பதில் வடசென்னை பக்கமா சாஞ்சுதான் இருக்கும், முதல்லயே சொல்லிட்டேன்.

சின்ன கடைங்கறது வேற, செய்யற ஆளுங்கறது வேற. இன்ஸ்டாகிராம்ல ரிப்பன் கட்டி "ஹேண்ட்மேட் ஹேம்பர்"னு ஆயிரத்து சொச்சத்துக்கு போடறாங்க இல்ல, அதுல இருக்கற ஐட்டம் நிறைய பாரிஸ் கார்னர் காசி செட்டி தெருவுல டஜன் ரேட்டுக்கு தொங்கிட்டிருக்கும். அதுவும் ஒரு பொழப்புதான், தப்புன்னு சொல்லல, ஆனா கைவேலைன்னு நம்பி காசு குடுக்கறவங்களுக்கு அது கைவேலையா இருக்கணுமில்ல. இதுக்கு ஒரு ஈஸியான வழி இருக்கு, "கலர் மாத்தி தருவீங்களா, பேர் எழுதி தருவீங்களா"ன்னு கேளுங்க. செய்யறவங்களா இருந்தா "தரலாம், பத்து நாள் ஆகும்"பாங்க, இல்லன்னா ஏன் முடியாதுன்னு காரணம் சொல்வாங்க. வாங்கி விக்கறவங்க "போட்டோல இருக்கறது மட்டும்தான் அவைலபிள் மேடம்"னு முடிச்சிடுவாங்க.

அந்த "பத்து நாள் ஆகும்"தான் மொத்த விஷயமே. ஆன்லைன்ல நாளைக்கே வந்துடும்னு நமக்கு பழகிப்போச்சு, கையால செய்யறவங்க காலண்டர் வேற. கொசப்பேட்டைய எடுத்துக்கோங்க, புரசைவாக்கம் பக்கத்துல, பிள்ளையார், கொலு பொம்மை எல்லாம் செய்யற இடம். முன்பக்கம் ஒரு அச்சு, பின்பக்கம் ஒரு அச்சுன்னு மண்ணை அழுத்தி எடுத்து ரெண்டையும் ஒட்டி, காய வெச்சு, சுட்டு, அப்புறம்தான் பெயிண்ட். வெயில் இல்லன்னா வேலை அங்கயே நின்னுடும், அதான் நவராத்திரிக்கு முந்தின வாரம் போய் நின்னா நல்ல பீஸெல்லாம் போயிருக்கும், ஆடி ஆவணிலயே ஒரு நடை போயிடுங்க. கையில எடுத்ததும் ரெண்டு பாதியும் சேர்ற கோட்டை பாருங்க, விரல் முட்டியால லேசா தட்டுங்க, நல்லா வெந்த பொம்மை டிங்குன்னு கேக்கும், உள்ள விரிசல் இருந்தா மொத்துன்னு கேக்கும். கடைக்காரரே தட்டி காட்டுவார், கூச்சப்பட வேணாம்.

கிறிஸ்மஸ்னா எங்க ஏரியாதான். ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலையால இங்க ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க நிறைய இருந்தாங்க, பல பேர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்துன்னு போயிட்டாங்க, ஆனாலும் ப்ளம் கேக், கல்கல், ரோஸ் குக்கீ எல்லாம் வீட்லயே செஞ்சு ஆர்டருக்கு குடுக்கற ஆன்ட்டிங்க இன்னமும் இருக்காங்க. கேக்குக்கு பழத்தை ரம்ல ஊறப்போடறது பல வாரம் முன்னாடியே நடந்துடும். ரோஸ் குக்கீ, அதான் நம்ம அச்சு முறுக்கு, பார்க்க சிம்பிளா தெரியும், ஆனா அச்சை ஒவ்வொரு தடவையும் எண்ணெயில சூடு பண்ணி மாவுல முக்கால்வாசிதான் முக்கணும், மாவு அச்சு மேல ஏறிச்சுன்னா கழண்டே வராது, அப்படி ஒண்ணொண்ணா எடுக்கணும். டிசம்பர் 23-ஆம் தேதி போன் போட்டு இருநூறு வேணும்னா எந்த ஆன்ட்டியும் திட்டத்தான் செய்வாங்க. நவம்பர்லயே சொல்லி வைங்க. ஆபீஸ்ல மொத்தமா குடுக்க வாங்கறீங்கன்னா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர், அதான் உணவு பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர், இருக்கான்னு கேட்டுக்கோங்க, பதினாலு இலக்கம் இருக்கும். (வியாசர்பாடி அத்தோவை, அதான் அந்த பர்மா நூடுல்ஸை, கிஃப்ட் பாக்ஸ்ல போட முடிஞ்சா இந்த பதிலே தேவைப்பட்டிருக்காது.)

வெளியூர் பொருள்னா பத்தமடை பாய், பவானி ஜமக்காளம், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, இதுக்கெல்லாம் புவிசார் குறியீடு இருக்கு. நேரா அந்த ஊருக்கு போக முடியலன்னா அண்ணா சாலையில இருக்கற அரசு கைவினைக் கடை பூம்புகார்ல பாருங்க, துணிக்கு கோ-ஆப்டெக்ஸ். பவானி பேர்ல பவர்லூம்ல ஓட்டினதும் சுத்துது, ரேட் ரொம்ப கம்மின்னா சந்தேகப்படுங்க.

காசு விஷயம். பாதி அட்வான்ஸ் ஜிபேல போடுங்க, அவங்க அதை வெச்சுதான் சரக்கு வாங்குவாங்க. பேரம் பேசாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆர்டர் குடுத்து செஞ்சு முடிச்சப்புறம் வாசல்ல நின்னு "அக்கா, நூறு ரூபா கொறைங்க"ன்னு கேக்கறது அசிங்கம்.

இப்ப வெளிநாடு. அங்க இருக்கற சின்ன கடையிலேர்ந்து இங்க வரவழைக்கறது எனக்கு அவ்வளவா ஒத்துவராது. கிஃப்ட்னு லேபிள் ஒட்டி கஸ்டம்ஸ் டியூட்டி இல்லாம வாங்கற சலுகை 2019 டிசம்பரோட போச்சு, அதுல உயிர்காக்கற மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு குடுத்தாங்க. முன்னூறு ரூபா காபி மக்குக்கு ஷிப்பிங், டியூட்டி, கூரியர்காரன் சார்ஜ் எல்லாம் சேர்ந்தா மக் விலையே மறந்துடும். இங்கேர்ந்து அமெரிக்காவுக்கு அனுப்பறதும் முன்ன மாதிரி இல்ல, 800 டாலர் வரைக்கும் டியூட்டி இல்லாம போயிட்டிருந்தது 2025 ஆகஸ்ட் 29-லேர்ந்து நின்னுபோச்சு.

அதனால வெளிநாட்டு சின்ன கடைய அந்த நாட்டு சொந்தக்காரங்களுக்காக யூஸ் பண்ணுங்க. டொரண்டோல தங்கச்சி இருக்கான்னா இங்கேர்ந்து அதிரசம் பார்சல் போட்டு அது தூளா போய் சேர்றதுக்கு, ஸ்கார்பரோல ஈழத்தமிழ் ஆளுங்க நடத்தற கடையில நேரா ஆர்டர் போட்டுடலாம், அன்னைக்கு செஞ்ச பலகாரமே வீட்டு வாசல்ல இறங்கும். பெரும்பாலும் நம்ம யுபிஐ அங்க எடுக்காது, கார்டுல இன்டர்நேஷனல் ட்ரான்ஸாக்‌ஷனை பேங்க் ஆப்ல போய் ஆன் பண்ணிக்கணும், புது கார்டுன்னா அது ஆஃப்லதான் வரும். கரன்சி மாத்தறதுக்கு பேங்க் ஃபாரெக்ஸ் சார்ஜ்னு கொஞ்சம் கடிக்கும், பார்சல் செலவுக்கு அது எவ்வளவோ தேவலை.