ஃபைலைக் கொடுத்தாச்சு, அப்புறம்?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் இரண்டு கட்டுகள் கிடைக்கின்றன. ஒன்றில் டிசைனர்கள் டெவலப்பர்களைத் திட்டுகிறார்கள். இன்னொன்றில் டெவலப்பர்கள் டிசைனர்களைத் திட்டுகிறார்கள். நான் மோஷன் கிராஃபிக்ஸில் தொடங்கி, அப்புறம் கோட் எழுதப் போனவள். அதனால் இரண்டு கட்சிக்கும் என்மேல் லேசான சந்தேகம் உண்டு. பரவாயில்லை, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: நான் ஆப் டிசைனர். ஃபிக்மா என்ற டிசைன் கருவியில் நான் வரைந்ததும் டெவலப்பர் செய்து அனுப்புவதும் ஒன்றுபோல் இருப்பதே இல்லை. இடைவெளி, எழுத்து, நிழல் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மாறிவிடுகிறது. கேட்டால், "உங்க கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியுது" என்கிறார். என்ன செய்யலாம்?

உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. அவரும் வேண்டுமென்றே மாற்றவில்லை. பிரவுசர் ஒரு வரியின் உயரத்தில் மிஞ்சும் இடத்தை எழுத்துக்கு மேலே பாதி, கீழே பாதி என்று பிரித்து வைக்கும். நீங்கள் 16 பிக்சல் இடைவெளி கொடுத்திருப்பீர்கள். எழுத்தின் விளிம்பிலிருந்து அளந்தால் அது 20, 21 என்று வரும். ஆண்ட்ராய்டில் நிழலைப் பொருளின் 'உயரத்தை' வைத்து சிஸ்டமே கணக்குப் போட்டு விழ வைக்கும் வழக்கம் உண்டு. நீங்கள் கொடுத்த மங்கல் அளவு அங்கே அப்படியே வராது. உங்கள் மானிட்டர் அகன்ற நிற வரம்பில் காட்டும் ஆரஞ்சு, சாதாரண ஸ்கிரீனில் கொஞ்சம் சோர்ந்துதான் தெரியும்.

ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினால் இவை தீராது. ஒரே ஒரு ஸ்கிரீனை எடுத்துக்கொண்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜ ஃபோனில் பார்த்துக்கொண்டே சரி செய்யுங்கள். அதிலிருந்து இடைவெளிக்கு 4, 8, 16, 24 என்று சில அளவுகளை மட்டும் முடிவு செய்து பெயர் வையுங்கள். நிறத்துக்கும் எழுத்தளவுக்கும் அப்படியே. துறையில் இதை டோக்கன் என்கிறோம். டிசைன் ஃபைலிலும் கோடிலும் ஒரே பெயர் இருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். மீதி ஒன்றிரண்டு பிக்சலை மன்னித்துவிடலாம் என்பது என் கட்சி. எல்லா டிசைனர்களும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஃபைலில் வரும் பெயர்கள் எல்லாம் எவ்வளவு நீளம்? எல்லாப் படங்களும் நல்ல வெளிச்சத்தில் எடுத்தவைதானே? எல்லாப் பட்டியலிலும் அழகாக ஆறு வரிகள் இருக்கின்றன, இல்லையா? நிஜத்தில் ஒருவர் நான்கு சொல் நீளத்தில் பெயர் வைத்திருப்பார். இன்னொருவர் படமே போட்டிருக்க மாட்டார். பட்டியல் முதல் நாள் காலியாக இருக்கும், ஆறு மாதம் கழித்து நானூறு வரி இருக்கும். நெட் பாதியில் அறுந்துபோகும். ஃபோனில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் தாத்தா ஒருவர் உங்கள் பட்டனைத் தொட முயல்வார். இதில் எதையும் நீங்கள் வரையவில்லை என்றால், டெவலப்பர் ராத்திரி பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து அவராகவே ஒரு முடிவு எடுக்கிறார். அதைத்தான் நீங்கள் மறுநாள் "மாத்திட்டாங்க" என்கிறீர்கள்.

தமிழில் ஆப் செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் தமிழ் பெரும்பாலும் அடங்காது. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் வளைவும் உண்டு, கீழே சுழியும் உண்டு. எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு என்று வரி உயரத்தை இறுக்கினால் 'கூ'வும் 'ஸ்ரீ'யும் அடுத்த வரியில் போய் முட்டும். மாதிரி வாசகத்தை முதல் நாளே தமிழில் போட்டு வரையுங்கள்.

கேள்வி: நான் ஃபிரன்ட் எண்ட் டெவலப்பர், பயனர் பார்க்கும் ஸ்கிரீன்களுக்குக் கோட் எழுதுவது என் வேலை. எங்கள் டிசைனர் ஒரு வீடியோவை அனுப்பி, "இந்த மாதிரி அசையணும்" என்கிறார். செய்து காட்டினால், "அந்த ஃபீல் வரலையே" என்கிறார். ஃபீலை நான் எப்படி கோட் எழுதுவது? அனிமேஷனை ஆப்பில் ஓட்டும் லாட்டி என்ற கருவி உதவுமா?

இந்தக் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். நானே ஒரு காலத்தில் "அந்த ஃபீல்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான்.

ஃபீல் என்பது பெரும்பாலும் மூன்று எண்ணும் ஒரு வளைவும். எது எப்போது அசையத் தொடங்குகிறது, எத்தனை மில்லிசெகண்ட் ஓடுகிறது, எவ்வளவு தூரம் போகிறது, அப்புறம் வேகம் எப்படிக் கூடிக் குறைகிறது. இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் வேலை செய்பவரிடம் அந்த வளைவு ஏற்கெனவே இருக்கும். உங்களுக்கு வேண்டியது க்யூபிக் பெசியர் என்ற முறையில் அந்த வளைவைக் குறிக்கும் நான்கு எண்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

வீடியோவில் ஒருபோதும் இல்லாத விஷயம் ஒன்று உண்டு: குறுக்கே வரும் விரல். கார்டு, அதாவது திரையில் விரியும் பெட்டி, பாதி திறந்திருக்கும்போது பயனர் மறுபடி தொட்டால் அது திரும்பிப் போகுமா, நின்றுவிடுமா, திறந்து முடித்துவிட்டு மூடுமா? வீடியோ எப்போதும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒழுங்காக ஓடும். மனிதர்கள் அப்படியில்லை. இதை டிசைனரிடம் வார்த்தையில் கேட்காதீர்கள். அரைகுறையாகவாவது ஒரு மாதிரியைச் செய்து அவர் கையில் ஃபோனைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு தடவை தட்டிப் பார்த்ததும் அவரே முடிவைச் சொல்லிவிடுவார்.

உங்கள் பக்கக் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுப்பது உங்கள் வேலை. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். 120 ஹெர்ட்ஸ் ஸ்கிரீனில் அதுவும் பாதி, 8.3. இடமாற்றம், அளவு மாற்றம், சுழற்சி, ஒளிபுகும் தன்மை ஆகியவற்றை டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி என்ற கட்டளைகள் வழியாகச் செய்தால் பிரவுசர் பெரும்பாலும் ஜிபியுவிடம் (கிராஃபிக்ஸ் சிப்) தள்ளிவிட்டுச் சுலபமாக ஓட்டும். அகலத்தையும் உயரத்தையும் அனிமேட் செய்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் பக்கத்தின் அமைப்பை மறுபடி கணக்குப் போட வேண்டும். "பெட்டி நீளுகிறது" என்பதை "பெட்டி நகர்கிறது" என்று மாற்ற ஒப்புவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் சந்தோஷமாக மாற்றுவார்கள். காரணம் தெரியாமல் "முடியாது" என்று கேட்டால்தான் முறைப்பார்கள்.

லாட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏர்பிஎன்பி நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அனிமேஷனை ஜேசன் என்ற எழுத்து வடிவ ஃபைலாக்கி ஆப்பிலேயே ஓட்டும். ஐகானுக்கும் சிறு ஓவியத்துக்கும் அருமை. ஆனால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் உள்ள எல்லா எஃபெக்ட்டும் அதில் வராது. எது வரும் என்ற பட்டியலை டிசைனர் வேலையைத் தொடங்கும் முன்பே அவரிடம் கொடுங்கள், முடித்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

இன்னும் இரண்டு. அசைவைக் குறைக்கச் சொல்லிப் பயனர் ஃபோனில் தேர்வு செய்து வைத்திருந்தால் அதை மதியுங்கள். அசைவு சிலருக்குத் தலைசுற்றலைக் கொடுக்கும். தமிழ் எழுத்தை டைப்ரைட்டர்போல் ஒவ்வொன்றாக வரவைக்கும் அனிமேஷன் கேட்டால், யூனிகோட் குறியீடு வாரியாக வெட்டாதீர்கள். புள்ளிக்குத் தனிக் குறியீடு என்பதால் 'வணக்கம்' என்பது 'வ, வண, வணக, வணக்' என்று புள்ளி பிந்தி வந்து விக்கும். ஜாவாஸ்கிரிப்டில் Intl.Segmenter என்ற வசதி இருக்கிறது, வாசகர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகவே பிரித்துத் தரும்.

கேள்வி: டிசைனர் கோடிங் கற்க வேண்டுமா?

வேலைக்காக என்றால் கட்டாயமில்லை. ஆர்வத்துக்காக என்றால் பிராசஸிங் என்ற நிரல்மொழியில் தொடங்குங்கள். கேசி ரீஸ், பென் ஃப்ரை இருவரும் எம்ஐடி மீடியா லேபில் 2001-இல் தொடங்கியது, படம் வரைபவர்களை மனதில் வைத்தே உருவானது. பிரவுசரிலேயே எழுத அதன் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமான பி5.ஜேஎஸ் இருக்கிறது. ஒரு வட்டத்தை நீங்களே கோடில் நகர்த்திப் பார்த்துவிட்டால் டெவலப்பரிடம் கேட்கும் கேள்விகள் தானாகவே மாறும். டெவலப்பர்கள் எழுத்துருவும் இடைவெளியும் படிக்க வேண்டாமா என்று யாரும் எனக்கு எழுதுவதில்லை, கவனித்தீர்களா?

கேள்வி: மெல்லிய சாம்பல் எழுத்துதான் அழகு என்கிறார் டிசைனர். படிக்க முடியவில்லை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

அளந்து பாருங்கள். டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டியின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 4.48 வாங்கித் தோற்றுவிடும். 767676 என்பது 4.54 வாங்கித் தேறிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் டிசைனரின் கண்கூடக் கண்டுபிடிக்காது. அவருக்கு அழகும் மிஞ்சும், உங்களுக்குப் படிக்கவும் முடியும்.

கேள்வி: அருங்காட்சியகம் ஒன்றுக்காக, கை அசைத்தால் படம் மாறும் பெரிய சுவர் ஒன்றைச் செய்கிறோம். ஓவியர் இரண்டு பேர், புரோகிராமர் ஒருவர். மூவரின் லேப்டாப்பிலும் நன்றாக ஓடுவது சுவரில் திணறுகிறது. படங்களின் ஓரத்தில் கறுப்புக் கோடு வேறு. ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கறுப்புக் கோட்டை முதலில் முடித்துவிடுவோம். பின்னணி இல்லாத படங்களில் நிறமும் ஆல்ஃபாவும் (ஒரு பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவு) தனித்தனியாக இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பிக்சலிலும் ஏதோ ஒரு நிறம் இருக்கும், பெரும்பாலும் கறுப்பு. ஜிபியு படத்தைச் சிறிதாக்கிப் பெரிதாக்கும்போது பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும். ஒளிந்திருந்த அந்தக் கறுப்பு ஓரத்தில் கசிந்துவிடும். ஓவியர்கள் விளிம்பு நிறத்தை வெளியே கொஞ்சம் பரப்பித் தரலாம். அல்லது புரோகிராமர், நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைக்கும் ப்ரீமல்டிப்ளைடு ஆல்ஃபாவுக்கு மாறலாம். இருவரில் யார் செய்வது என்று பேசி வைத்துக்கொண்டால் போதும், குற்றவாளி யாரும் இல்லை.

திணறல் வேறு கதை. "படம் வெறும் 2 எம்பிதானே" என்று ஓவியர் சொல்லியிருப்பார், பந்தயம் கட்டுகிறேன். டிஸ்கில் 2 எம்பிதான். ஜிபியுவுக்குள் போகும்போது அது விரிந்துவிடும். 4096-க்கு 4096 பிக்சல் உள்ள ஒரு படம், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி. அப்படி முப்பது அடுக்கு இருந்தால் கிட்டத்தட்ட 2 ஜிபி. சுவரில் ஒரு படம் உண்மையில் எத்தனை பிக்சலில் தெரியப்போகிறது என்று அளந்து, அந்த அளவில் வரையுங்கள். பல அடுக்காக வீடியோ ஓட்டுவதாக இருந்தால் ஹேப் போன்ற கோடெக்கை (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) பாருங்கள். ஃபைல் பெரிதாகும், ஆனால் ஓட்டும்போது விரிப்பது சுலபம்.

அடுத்து இடம். ஒரு புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 4 மீட்டர் அகலப் படத்துக்கு அதை 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நடுவில் நிற்பவரின் நிழல் எங்கே விழும்? கை அசைவைப் பார்க்க அகச்சிவப்பு ஒளியால் தூரத்தை அளக்கும் ஆழக் கேமரா வைத்திருந்தால், பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா? மாலை வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. அது நேராக உள்ளே வந்தால் கேமரா குருடாகிவிடும். இவை ஓவியருக்கும் தெரியாது, புரோகிராமருக்கும் தெரியாது, அந்த அறைக்குத்தான் தெரியும். ஆகவே மூவரும் அங்கே போய், முடிக்காத வேலையை அப்படியே சுவரில் போட்டுப் பாருங்கள். ஓவியம் முழுதாகத் தயாராகும் வரை காத்திருக்க வேண்டாம், வெறும் வண்ணச் சதுரங்கள் போதும்.

நீங்கள் படும் பாட்டை உங்களுக்கு முன்பே பட்டவர்கள் உண்டு. 1966 அக்டோபரில் நியூயார்க்கில் '9 ஈவினிங்ஸ்' என்ற நிகழ்ச்சி நடந்தது. அமெரிக்கத் தொலைபேசி ஆய்வகமான பெல் லேப்ஸின் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் முன்னின்று நடத்தியது. பத்துக் கலைஞர்கள், சுமார் முப்பது பொறியாளர்கள். ரவுஷன்பெர்க்கின் படைப்பில் இருவர் டென்னிஸ் ஆடினார்கள். மட்டையில் மைக்கும் சிறிய எஃப்எம் டிரான்ஸ்மிட்டரும் பொருத்தியிருந்தார்கள். பந்து படும் ஒவ்வொரு முறையும் பெரிய சத்தம் எழும், அரங்கின் ஒரு விளக்கு அணையும். முழு இருட்டானதும் ஆட்டம் முடியும். அப்புறம் அந்த இருட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நின்றார்கள். அகச்சிவப்புக் கேமரா பிடித்த அவர்களின் உருவம் மட்டும் திரையில் தெரிந்தது.

எனக்கு இதில் பிடித்தது அந்த மட்டைதான். டிரான்ஸ்மிட்டர் கனமாக இருந்தால் ஆட முடியாது, ஆட முடியவில்லை என்றால் படைப்பே இல்லை. "எவ்வளவு கனம் தாங்கும்" என்பது கலைக் கேள்வியா, பொறியியல் கேள்வியா? உங்கள் சுவரிலும் அப்படி ஒரு மட்டை இருக்கும். கை அசைத்ததற்கும் படம் மாறுவதற்கும் நடுவே எவ்வளவு தாமதம் தாங்கும் என்பதுதான் அது என்று நினைக்கிறேன். அதை மூவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், கேமரா, புரோகிராம், புரொஜெக்டர் மூன்றுமே அதில் கொஞ்சம் கொஞ்சம் தின்னும்.

கேள்வி: படத்தைக் கொடுத்தால் ஏஐ கருவியே கோட் எழுதிவிடுகிறது. இனி இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் எதற்கு?

நானும் பயன்படுத்துகிறேன், முதல் மாதிரியைச் சீக்கிரம் கையில் எடுக்க நன்றாக உதவுகிறது. இரண்டாவது கேள்வியில் சொன்ன "ஃபோனை அவர் கையில் கொடுங்கள்" என்பதற்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் நீங்கள் வரையாத நிலைகளை அதுவும் ஊகிக்கத்தான் செய்யும். முன்பு டெவலப்பர் ராத்திரி பத்து மணிக்கு எடுத்த முடிவை இது ஒரு நிமிடத்தில் எடுக்கிறது, உங்களிடம் கேட்காமல். அது கொடுத்த ஸ்கிரீனைத் திறந்து வைத்துக்கொண்டு நெட்டை அணையுங்கள், எழுத்தளவை இரண்டு மடங்காக்குங்கள், பட்டனை வேகமாக இரண்டு முறை தட்டுங்கள். என்ன நடந்தது என்று டிசைனரும் டெவலப்பருமாகச் சேர்ந்து எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.