நாப்பத்தஞ்சுக்கு மேல சொந்தத் தொழில்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல நடுவயசுல தொழில் தொடங்குறத பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு ஒரே ஒரு வரி போட்டோம், கடிதாசி குவிஞ்சிட்டு. நம்ம குமரி மாவட்டத்துல களியக்காவிளையில இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் எல்லாருக்கும் ஒரே ஆசைதான் போல, சம்பளத்துக்கு கை ஏந்தாம இருக்கணும். நான் பேங்குல லோன் பிரிவுல ரொம்ப காலம் இருந்தவன், அதனால எனக்கு சந்தேகப் புத்தி கொஞ்சம் ஜாஸ்தி. அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 47 வயசு. 18 வருஷம் சவுதியில இருந்துட்டு இப்பம் ஊருக்கே வந்துட்டேன். கையில 22 லட்சம் இருக்கு. நானும் மச்சானும் சேர்ந்து ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் யூனிட் போட்டு பாறசாலை, திருவனந்தபுரம் கடைகளுக்கு சப்ளை பண்ணலாம்னு இருக்கோம். 35 லட்சம் ஆகும்ங்காங்க. மிச்சத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா? பிள்ளை பிளஸ் டூ படிக்கா.
– வாசகர், அருமனை

தம்பி, வீட்டை தொடாதீங்க. இதை முதல்ல சொல்லிட்டு மத்தத பேசுவோம். 27 வயசுல ஒரு தொழில் விழுந்தா இன்னொரு தடவை கல்ஃபுக்கு போயி சம்பாதிச்சிரலாம், 47-ல விழுந்தா விசா குடுக்கவும் ஆள் இல்ல, உடம்பும் அப்படி ஒத்துழைக்காது. அடமானக் கடன் தவணை நின்னுச்சுன்னா 2002-ல வந்த சர்ஃபேசி சட்டத்துல பேங்கு கோர்ட்டுக்கு போகாமலே 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு வீட்டை எடுக்க நடவடிக்கை தொடங்கலாம். அந்த நோட்டீஸ் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும், அனுப்புற பக்கம் உக்காந்திருந்தவன் நான்.

22 லட்சத்தை இப்படி பிரிங்க. பிள்ளை படிப்புக்கு 6 லட்சம், அது தனி கணக்கு, தொழில் எரிஞ்சாலும் அதை எடுக்கப்பிடாது. வீட்டுச் செலவு மாசம் 40,000-னு வச்சா ஒரு வருஷத்துக்கு 5 லட்சம் கிட்ட. மிச்சம் 11, அதுலயும் 5 லட்சம் உங்க அறுபதாவது வயசுக்கு. ஆக தொழிலுக்கு கையில இருக்கது 6 லட்சம்தான். இந்த 6 முழுசா போனாலும் ராத்திரி உறக்கம் வருமான்னு வீட்டுக்காரிகிட்ட உக்காந்து பேசுங்க, ரெண்டு பேருக்கும் சரின்னு பட்டா இறங்குங்க.

6 லட்சத்துல 35 லட்சம் யூனிட் எப்படின்னு கேப்பீங்க. போட வேண்டாம்ங்கேன். மொதல்ல ஒரு குலை ஏத்தன் சந்தையில வாங்கி, வீட்டுல வறுத்து, தோல் எவ்வளவு போச்சு, எண்ணெ எவ்வளவு குடிச்சுது, கடைசியில எத்தனை கிலோ சிப்ஸ் கையில நின்னுச்சுன்னு நிறுத்துப் பாருங்க, இதை ஓணத்துக்கு முன்னாடி ஒரு தடவையும் ஓணம் கழிஞ்ச பொறவு ஒரு தடவையும் செய்யுங்க, காய் வெல எப்படி ஆடுதுன்னு அப்பம் தெரியும். எண்ணெயும் அப்படித்தான், 2025-ல தேங்காயெண்ணெ கிலோ 400 ரூபாயத் தாண்டினப்போ சிப்ஸ்காரங்க பட்ட பாடு நம்ம ஊருக்கே தெரியும்.

இன்னொரு கணக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்க காய்க்காரனுக்கு அன்னைக்கே ரொக்கம் குடுப்பீங்க, கடைக்காரன் உங்களுக்கு ஒரு மாசம் கழிச்சு குடுப்பான். ஒரு நாளைக்கு 100 கிலோ, கிலோ 300 ரூபான்னு சும்மா கணக்குக்கு வச்சா தினம் 30,000, மாசத்துல 25 நாள் சரக்கு போனா ஏழரை லட்சம் ரூபா ஊர்க்கடை அலமாரியில உக்காந்திருக்கும். வியாபாரம் கூடக் கூட மாட்டிக்கிடுற பைசாவும் கூடும், லாபத்துல ஓடுற கம்பெனியே சம்பளம் குடுக்க முடியாம நிக்கது இதனாலதான். உத்யம்ங்க சிறு தொழில் பதிவு எடுத்து வச்சா சரக்கு வாங்கினவன் 45 நாளுக்குள்ள பைசா குடுக்கணும், இல்லைன்னா கூட்டுவட்டி கேக்கலாம்னு 2006 எம்எஸ்எம்ஈ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் இருக்கு, சரிதான், ஆனா பேக்கரிக்காரன் மேல புகார் குடுத்துட்டு மறுநாள் அவன்கிட்டயே சிப்ஸ் பாக்கெட்ட நீட்ட முடியுமா? (உத்யம் பதிவு இலவசம், ஆதார் நம்பர் வச்சு நீங்களே எடுத்துக்கலாம். அதுக்கு ரெண்டாயிரம் கேட்டா எழும்பி வந்துருங்க.)

பாறசாலைன்னு சொன்னீங்களே, அங்கனதான் ஒரு சிக்கல் இருக்கு. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் சரக்கு வித்தா வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டுற வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டி கேரளக் கடைக்கு சப்ளை பண்ணினா அந்த வரம்பு உங்களுக்கு கிடையாது, மொத பில்லுக்கே பதிவு வேணும். நமக்கு அது பக்கத்து ஊரு, சட்டத்துக்கு அது வேற மாநிலம். அதனால மொத வருஷம் மார்த்தாண்டம், கருங்கல், திங்கள்சந்தைன்னு இந்தப் பக்கமே வித்து பழகுங்க.

பொறவு பெருசாக்கணும்னா பிஎம்ஈஜிபின்னு மத்திய அரசோட மானியக் கடன் திட்டம் இருக்கு. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம், வயசுக்கு மேல் வரம்பு இல்ல. ஓபிசி, சிறுபான்மை, பெண்கள் இவங்களுக்கெல்லாம் சொந்தக் காசு 5 சதவீதம், கிராமப்புறம்னா மானியம் 35 சதவீதம். மானியம் கையில வராது, 3 வருஷம் பேங்குலயே டெபாசிட்டா கிடக்கும், யூனிட் ஓடினா பொறவு கடன்ல கழிப்பாங்க. ஒண்ணு கவனிங்க, இது புது யூனிட்டுக்கு மட்டும்தான், அதனால வீட்டு அளவுல சோதனை பாக்கறதோட நிறுத்திட்டு, பெரிய மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி நாகர்கோவில் கோணத்துல இருக்க மாவட்ட தொழில் மையத்துல போயி கேட்டுருங்க. சிறு தொழிலுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் பேங்கு அடமானம் கேக்கப்பிடாதுன்னு ரிசர்வ் பேங்கே சொல்லியிருக்கு, மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்டா அதை ஞாபகப்படுத்துங்க.

மச்சான் விஷயம். நல்லவருதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கூட்டுத் தொழில்ல அவரு போடுற கடனுக்கு உங்க சொத்தும் பதில் சொல்லணும். பத்திரம் எழுதி பதிவும் செய்யுங்க, பதிவில்லாத கூட்டு நிறுவனத்துல கூட்டாளி மேல நீங்க கேஸ் போடவே முடியாத நெலமை வரும், 1932 சட்டத்துல 69-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. யாரு எவ்வளவு போடுறா, சம்பளம் எடுக்கலாமா, பிரிஞ்சா மெஷின் யாருக்கு, இந்த மூணும் எழுத்துல இருக்கட்டும். எழுதச் சொன்னதுக்கே மச்சான் மூஞ்சி சுளிச்சாருன்னா, இப்பமே தெரிஞ்சது நல்லதாப் போச்சு.

கேள்வி: ஃபைனான்ஷியல் ஃப்ரீடம்னு நாகர்கோவில்ல ஒரு ஹோட்டல்ல மீட்டிங்குக்கு கூட்டிட்டு போனாங்க. ஒரு லட்சம் கட்டி ரெண்டு பேரை சேத்தா அஞ்சு வருஷத்துல வேலைக்கே போக வேண்டாமாம். சேரலாமா?
– வாசகர், வடசேரி

சேரப்பிடாது. பொருள் வித்த லாபத்துல பைசா வருதா, ஆள் சேத்ததுக்கு வருதா, இந்த ஒரு கேள்வியை மேடையில நிக்க கோட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க, பதில் சொல்லாம கைதட்டச் சொல்லுவாரு. ஆள் சேத்து பைசா சுத்துற திட்டத்தை 1978-லயே தடை செஞ்சாச்சு, நடத்துறது மட்டுமில்ல, அதுல மெம்பராகுறதும் குத்தம்தான். 2021-ல வந்த நேரடி விற்பனை விதியும் பிரமிடு திட்டம் கூடாதுன்னுதான் சொல்லுது. உங்க லட்சம் போறது ஒரு பக்கம், நீங்க சேத்து விட்ட சித்தப்பா பையனும் ஆபீஸ்காரரும் கம்பெனியத் தேட மாட்டாங்க, உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க.

கேள்வி: வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேத்துட்டா ரிட்டயர் ஆயிரலாம்னு வீடியோல சொல்லுதாங்க. எனக்கு 50 வயசு, தனியார் வேலை, எல்லாம் சேத்து 40 லட்சம் இருக்கு, செலவு மாசம் 35,000. வேலைய விட்டுரலாமா?
– வாசகர், குழித்துறை

மாசம் 35,000-ன்னா வருஷம் 4.2 லட்சம், அதுல 25 மடங்கு 1 கோடியே 5 லட்சம். நீங்க பாதி தூரம் கூட வரல.

அந்த 25 மடங்கே எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கணும். 1994-ல பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர் அந்த ஊரு ஷேர் மார்க்கெட், பாண்டு கணக்க வச்சு, சேத்த பைசாவுல மொத வருஷம் 4 சதவீதம் எடுத்து பொறவு விலைவாசிக்கு ஏத்தாப்ல கூட்டிக்கிட்டே போனா 30 வருஷம் தாங்கும்னு கண்டுபிடிச்சாரு. அந்த 4 சதவீதத்தை திருப்பிப் போட்டதுதான் (100-ஐ 4-ஆல வகுத்தா 25) 25 மடங்கு. அது அமெரிக்காவுக்கு, அதுவும் 30 வருஷத்துக்கு. உங்களுக்கு 50, நம்ம ஊர்ல 85, 90 வரைக்கும் ஆச்சிமார் சும்மா கிண்ணுன்னு நடக்காங்க, அப்பம் 35, 40 வருஷம் தாங்கணும். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா 12 வருஷத்துல 35,000 செலவு 70,000 ஆயிரும், 62 வயசுல அதுக்கு எங்க போவீங்க?

வேலைய விடாதீங்க, ஆனா வேற மாதிரி பாருங்க. முழு விடுதலை இல்லைன்னாலும் 40 லட்சம்ங்கது சின்ன பைசா இல்ல, பிடிக்காத மேனேஜரு சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாம இருக்க தைரியம் குடுக்கும், சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் மனசுக்கு பிடிச்ச வேலைக்கு மாறலாம். பிஎஃப் பைசாவ நடுவுல எடுக்காதீங்க, பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் ஆச்சான்னு பாத்துக்கோங்க. கம்பெனி குடுக்க மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலையோட போயிரும், சொந்தமா ஒண்ணு இப்பமே எடுங்க, அறுபதுல சுகர் பிரஷரோட போயி நின்னா பிரீமியம் கேட்டே தல சுத்தும்.

கேள்வி: என் வீட்டுக்காரரு 52 வயசுல வேலைய விட்டுட்டு ஜவுளிக்கடை போடணும்ங்காரு. எனக்கு அம்மை வீட்டுல போட்ட நகைய கேக்காரு. குடுக்கலன்னா சண்டை.
– வாசகி, கொல்லங்கோடு

அது உங்க சொத்தும்மா. குடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, சட்டமும் உங்க பக்கம்தான். அவரு கடைய பத்தி ஒரு தாள்ல எழுதித் தரட்டும், வாடகை, அட்வான்ஸ், சரக்கு, மாசம் எவ்வளவு வித்தா கைக்கு கடிக்காம ஓடும்னு. எழுத முடியலைன்னா கடையப் பத்தி அவருக்கே தெரியலைன்னு அர்த்தம். எழுதினாருன்னா பொறவு யோசிங்க, அப்பவும் முழு நகைய குடுக்காதீங்க.

கேள்வி: நான் செய்யிற முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் கொள்ளாம்னு சொல்லுதாங்க, தீபாவளிக்கு நல்லா போகுது. ஆனா கணக்கு பாத்தா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. வயசு 43.
– வாசகி, தக்கலை

நிக்காது, ஏன்னா நீங்க உங்க கூலிய சேக்கல. பயறு, சர்க்கரை, எண்ணெ, கேஸ் எல்லாம் எழுதியிருப்பீங்க, பயறு வறுத்து இடிச்சு, பாகு காச்சி, உருட்டி, மாவுல முக்கி பொரிக்க நேரத்துக்கு எழுதியிருக்க மாட்டீங்க. உங்களுக்கு பதிலா இன்னொரு அக்காவ கூலிக்கு வச்சா ஒரு நாளைக்கு என்ன குடுப்பீங்களோ அதை விலையில ஏத்துங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கொஞ்சம் மொகம் கோணுவாங்க, பரவால்ல. சென்னை பெங்களூர்ல கிடக்க நம்ம ஊரு பிள்ளைகளுக்கு அந்த விலை ஒரு விலையே இல்ல, முந்திரிக்கொத்து நாள் பட்டு நிக்க பண்டம், பார்சல்லயும் தாங்கும், அச்சுமுறுக்கு போயி சேரும்போது பொடியாத்தான் இருக்கும்.

உணவுப் பாதுகாப்பு பதிவு கண்டிப்பா எடுங்க, வீட்டுல செய்யறவங்களுக்கும் வேணும், சின்ன அளவுக்கு செலவு ரொம்ப குறைவு. அந்த 14 இலக்க நம்பர், எடை, விலை, செஞ்ச தேதி எல்லாம் பாக்கெட்டுல இருக்கணும். அப்புறம் ஒண்ணு, கியூஆர் கோடு உங்க பேர்ல இருக்க பேங்கு கணக்குக்கு இருக்கட்டும். வீட்டுக்காரர் கணக்குல பைசா விழுந்துச்சுன்னா அது பெட்ரோலுக்கும் மொபைல் ரீசார்ஜுக்கும் போயிரும், வருஷக் கடைசியில லாபமா நஷ்டமான்னு உங்களுக்கே தெரியாது.

கேள்வி: ரப்பர் தோட்டம் ஒரு ஏக்கர் இருக்கு. தேனீ வளத்தா நல்ல வருமானம்ங்காங்களே, 50 பெட்டியோட தொடங்கவா? வயசு 55.
– வாசகர், குலசேகரம்

அஞ்சு பெட்டியோட தொடங்குங்க. மார்த்தாண்டம் பக்கம் தேன் நூறு வருஷக் கதை, ஒய்எம்சிஏ (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) காலத்துல இருந்தே பழக்கம், கத்துக்குடுக்க ஆளுக்கு பஞ்சமில்ல. ரப்பர்ல தேன் பூவுல இருந்து வராது, இலை உதுந்து புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பு முனையில ஊறுது, அதனால மாசி பங்குனி ஒட்டித்தான் அறுவடை. மழைக்காலத்துல தேனீக்கு தீனி இருக்காது, சீனித்தண்ணி வச்சு நீங்கதான் காப்பாத்தணும், அந்தச் செலவை யாரும் வீடியோல காட்டுறதில்ல. நோயும் வரும், 1990-கள் தொடக்கத்துல வந்த 'தாய் சாக்புரூட்'ங்க, தேனீப் புழுவக் கொல்லுற வைரஸ்ல நம்ம மாவட்டத்துலயும் கேரளத்துலயும் பெட்டி பெட்டியா காலியாச்சு.

விக்கும்போது இன்னொண்ணு. ரப்பர் தேன்ல ஈரம் ஜாஸ்தி, அப்படியே பாட்டில்ல அடைச்சா புளிச்சு நுரை தள்ளும். உணவுத் தரக் கணக்குல ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டப்பிடாது, அதனால பதப்படுத்தாம உங்க பேர்ல லேபிள் ஒட்டாதீங்க. மொத வருஷம் தேனை தேனீ வளக்கறவங்க சங்கத்துக்கோ பெரிய தேன்காரங்களுக்கோ மொத்தமா குடுத்துருங்க, ஒரு மழைக்காலம் கழிஞ்சு அஞ்சு பெட்டியும் உயிரோட இருந்துச்சுன்னா எத்தனை கூட்டலாம்னு திரும்ப எழுதுங்க.