ஒரு ரூபாய்க்குக் கொடுத்த ஒப்புதல்: ஆசிரியர்களுக்கான இணையக் கருவிகள் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: தென்காசி அருகே வீட்டிலேயே 10, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். '7 நாள் இலவசம், சரிபார்ப்புக்கு 1 ரூபாய் மட்டும்' என்ற விளம்பரத்தை நம்பி, இணையவழித் தேர்வு நடத்தும் செயலி ஒன்றை எடுத்தேன். தமிழில் வினாக்கள் சரியாக வராததால் மூன்றாம் நாளே கைபேசியிலிருந்து அதை நீக்கிவிட்டேன். எட்டாம் நாள் என் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுச் சந்தாவாக 5,999 ரூபாய் எடுக்கப்பட்டுவிட்டது. கேட்டால், பணம் திரும்பத் தரப்படாது என்று விதிமுறையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்ய முடியும். ஆனால் புகார் எழுத உட்காருவதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவதால் சந்தா ரத்தாகிவிடாது. அன்று 1 ரூபாய்க்காக நீங்கள் பின் எண்ணை இட்ட திரையில், அந்தத் தொகைக்குக் கீழே சிறிய எழுத்தில் அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்தத் தேதி வரை என்ற விவரங்களும் இருந்திருக்கும். பெரிய எழுத்தில் இருந்த 1 ரூபாயைப் பார்த்து நீங்கள் பின் எண்ணை இட்டீர்கள். அது தொடர்ந்து பணம் எடுத்துக்கொள்வதற்கான அனுமதியாகப் பதிவாகிவிட்டது. உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால் அந்த நிறுவனத்தின் பெயர் இன்னமும் அங்கே இருக்கும். இன்றே அதை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டும் இதே தேதியில் பணம் போகும்.

அடுத்து, உங்கள் குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சலையும் தேடிப் பாருங்கள். இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக முன்னறிவிப்பு வர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் நெறிமுறை 2021 அக்டோபர் முதல் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு மறுபடியும் ஓடிபியோ பின் எண்ணோ கேட்க வேண்டியதில்லை என்பதால்தான் 5,999 ரூபாய் சத்தமில்லாமல் போயிருக்கிறது. ஆனால் முன்னறிவிப்பிலிருந்து விலக்கு கிடையாது. அது வரவே இல்லை என்றால் வங்கியிடமும் தனியாக எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

இனி நிறுவனத்துக்கு வருவோம். இலவச முன்னோட்டத்தைப் பெறுவதற்கே தானியங்கிப் பணப்பிடித்தத்துக்கு அனுமதி கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைச் 'சந்தாப் பொறி' என்று வகைப்படுத்தித் தடை செய்கின்றன, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள். உங்களுக்கு நடந்தது ஏறக்குறைய அதுவேதான். ஆகவே 'விதிமுறையில் இருக்கிறது' என்ற பதிலோடு நீங்கள் அடங்கிப்போக வேண்டியதில்லை. அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். எந்தத் தேதியில் எடுத்தீர்கள், எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள், எவ்வளவு போனது, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று நான்கே வரியில் எழுதி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்தால் போதும். கோபத்தை எழுதினால் முக்கியமான தேதிகள் அதில் மறைந்துபோகின்றன.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்பதால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர்ந்துவிட வேண்டும்.

ஒன்றைக் கூடவே சொல்லியாக வேண்டும். 'நீங்கள் டியூஷன் எடுத்துச் சம்பாதிப்பவர், எனவே நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கருத முடியாது என்று சட்டத்தின் விளக்கப் பகுதியே சொல்கிறது. வீட்டில் தாமே பாடம் நடத்தும் உங்களுக்கு அது பொருந்தும். பல ஆசிரியர்களைச் சம்பளத்துக்கு வைத்து, நான்கு கிளைகள் நடத்துபவருக்கு இவ்வளவு எளிதாகப் பொருந்தாது.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கு 2,500 ரூபாய் போட்டு, அசைபடங்களுடன் கூடிய பாடத் தொகுப்பு ஒன்றை வாங்க நினைக்கிறோம். விற்பனையாளர் வந்து காட்டியபோது மிகவும் அழகாக இருந்தது. வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். சொந்தச் சம்பளத்திலிருந்து மாணவர்களுக்காகச் செலவு செய்யத் துணியும் உங்கள் மனத்தை வணங்குகிறேன். அதனாலேயே அந்த 15,000 ரூபாய் வீணாகக் கூடாது என்ற அக்கறையும் எனக்கு இருக்கிறது. விற்பனையாளர் காட்டுவது அவர் தேர்ந்தெடுத்த பாடமாகத்தான் இருக்கும். அடுத்த முறை வரும்போது, 10ஆம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தைத் தமிழ் வழியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். வேறு பாடத்திட்டத்துக்குத் தயாரித்ததன் மேல் தமிழ்க் குரலை மட்டும் ஒட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நம் பாடநூலில் 'மின்தடை' என்றிருப்பதை அந்தக் குரல் வேறு சொல்லால் சொன்னால், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை குழம்பும்.

அதற்கு முன் ஏற்கெனவே கையில் இருப்பதைப் பார்த்துவிடுங்கள். 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களின் பக்கங்களில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீடுகளை எத்தனை வகுப்புகளில் பயன்படுத்தியிருக்கிறோம் என்று நேர்மையாக எண்ணிப் பார்க்கலாம். பள்ளிப் பாடங்களுக்காக மத்திய அரசு 2017இல் தொடங்கிய திக்‌ஷா தளமும், நம் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் இலவசம். செய்முறைக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் 'ஃபெட்' உருவகச் சோதனைகளைப் பாருங்கள். கட்டணம் இல்லை, சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு, இணையம் இல்லாத வகுப்பறைக்குத் தரவிறக்கியும் எடுத்துச் செல்லலாம். அதில் ஒரு மின்கலத்தையும் ஒரு விளக்கையும் கம்பியால் இணைத்துவிட்டு, அதே தொடரில் இரண்டாவது விளக்கைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் மங்கும். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். விற்பனையாளர் காட்டிய அழகான அசைபடத்தில் எல்லாம் முன்பே முடிவாகியிருப்பதால் அந்தக் கேள்வி எழ வாய்ப்பு குறைவு.

இவற்றை ஒரு மாதம் பயன்படுத்திவிட்டு, எந்தப் பாடத்தில் குறை இருக்கிறது என்று ஆறு பேரும் பட்டியல் போடுங்கள். அந்தக் குறையைத் தொகுப்பு நிரப்புமானால் வாங்குங்கள். அப்போதும் உரிமம் எத்தனை கணினிகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, பாடநூல் மாறினால் புதுப்பித்துத் தருவார்களா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஆசிரியர்களுக்கான இணையவழிச் சான்றிதழ் வகுப்பு, 'அரசு அங்கீகாரம் பெற்றது', 8,000 ரூபாய். சேரலாமா?

பதில்: எந்த அரசு, எந்தத் துறை, எந்த ஆணை எண் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தைப் பதிவு செய்த சான்றை அங்கீகாரம் என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும், சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் வழியாகவும் பாடங்களை இலவசமாகவே கற்கலாம். சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி நேரில் தேர்வு எழுதினால் போதும்.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் இணையத்தில் தமிழ் இலக்கணம் நடத்துகிறேன். கட்டண வசதிக்கு மாறுவது அவசியமா?

பதில்: வகுப்பின் நீளத்தைப் பொறுத்தது. ஜூமின் இலவச வசதி 40 நிமிடத்திலும், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடும் கூட்டம் 60 நிமிடத்திலும் முடிந்துவிடும். புணர்ச்சி விதிகளை 40 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் நடத்தினால் பிள்ளைகளும் தாங்க மாட்டார்கள். வகுப்பைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற தேவை வந்தால் முதலில் மாதக் கட்டணத்தில் எடுங்கள். ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதை ஆண்டு முழுவதும் பயன்படுத்துபவருக்கே லாபம்.

கட்டணத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வினாடி வினாத் தளம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கண வினாக்களைத் தட்டச்சு செய்து சேர்த்தார். நிறுவனம் சேவையை நிறுத்தியபோது அவற்றை வெளியே எடுக்க வழியே இல்லை. சந்தாப் பணத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்தார்கள். வினாக்கள் போனவை போனவைதான். எனவே இலவசமோ கட்டணமோ, எந்தத் தளத்திலும் முதல் நாளே பத்து வினாக்களை மட்டும் ஏற்றி, அவற்றை விரிதாள் கோப்பாகத் தரவிறக்கிப் பாருங்கள். தரவிறக்கிய கோப்பைத் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதையாமல் வருகின்றனவா என்பதையும் பார்த்த பிறகே பதினோராவது வினாவை ஏற்றுங்கள்.