ஃபோல்டரோடு ஒட்டிக்கொண்டு வருபவை

கேள்வி: பழைய ப்ராஜெக்ட்டிலிருந்து ஒரு ஃபோல்டரை காப்பி செய்து புதிய ப்ராஜெக்ட்டில் ஒட்டினேன். என் கணினியில் எல்லாம் ஓடுகிறது. ஆனால் ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் கமிட் (பதிவு), புஷ் (சர்வருக்கு அனுப்புதல்) முடிந்தபின் வேறொருவர் க்ளோன் (முழுப் பிரதி) எடுத்தால் அந்த ஃபோல்டர் காலியாக இருக்கிறது. ஏன்?

பதில்: ஃபோல்டரோடு ‘.கிட்’ என்ற மறைவான ஃபோல்டரும் சேர்ந்து வந்திருக்கிறது. விஎஸ் கோடு எடிட்டர் தன் ஃபைல் பட்டியலில் அதைக் காட்டாது என்பதால் கண்ணில் பட்டிருக்காது. உள்ளே ‘.கிட்’ இருந்தால், கிட் அந்த ஃபோல்டரை இன்னொரு ரெப்போவாகவே (தனி வரலாறு கொண்ட களஞ்சியம்) நடத்தும். ஃபைல்களை எடுத்துக்கொள்ளாது, ‘இந்த இடத்தில் அந்த ரெப்போவின் இன்ன கமிட்’ என்று ஒரு குறிப்பை மட்டும் பதியும். உங்கள் வட்டில் ஃபைல்கள் இருப்பதால் உங்களுக்கு ஓடுகிறது. க்ளோன் எடுப்பவருக்குக் குறிப்பு மட்டுமே போகிறது.

உறுதி செய்ய, டெர்மினலில் ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -எஸ்’ என்று அடித்து, பக்கத்தில் ஃபோல்டர் பெயரைக் கொடுங்கள். சாதாரண ஃபைல்கள் 100644 என்று தொடங்கும். 160000 என்று ஒரே வரி வந்தால் சிக்கல் இதுதான்.

சரி செய்வதில் வரிசை முக்கியம். உள்ளே வந்த ரெப்போவில் புஷ் செய்யாத கமிட்கள் உண்டா என்று முதலில் பாருங்கள், ‘.கிட்’டை அழித்தால் அவையும் போய்விடும். பிறகு வெளி ப்ராஜெக்ட்டின் மேல்மட்டத்தில் நின்று ‘கிட் ஆர்எம் --கேஷ்ட்’ கொடுத்து ஃபோல்டர் பெயரை எழுதுங்கள். ‘--கேஷ்ட்’ இருந்தால் பதிவு மட்டும்தான் நீங்கும், வட்டிலுள்ள ஃபைல்கள் அப்படியே இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். அடுத்து உள்ளிருக்கும் ‘.கிட்’டை அழித்து, ‘கிட் ஆட்’ செய்யுங்கள். இப்போது ‘கிட் ஸ்டேட்டஸ்’ ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும். பட்டியலிட்டால் கமிட் செய்யலாம்.

சில ஃபோல்டர்களில் ‘.கிட்’ ஒரு ஃபோல்டராக இல்லாமல், ஒற்றை வரி ஃபைலாக இருக்கும். சப்மாட்யூலிலிருந்து (ஒரு ரெப்போவுக்குள் இணைத்த இன்னொரு ரெப்போ) எடுத்ததானால், அந்த வரியிலுள்ள பாதை புதிய இடத்தில் பொருந்தாமல் ‘இது கிட் ரெப்போ இல்லை’ என்று பிழை வரும். ஒர்க்ட்ரீயிலிருந்து (ஒரே ரெப்போவுக்கான கூடுதல் வேலை ஃபோல்டர்) எடுத்தது இதைவிட ஆபத்து. அதில் முழுப் பாதை எழுதியிருக்கும். எனவே பிழையே வராமல், நீங்கள் செய்யும் கமிட் பழைய ப்ராஜெக்ட்டுக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: நாங்கள் இன்னும் கிட்டைப் போன்ற இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷன்தான். ஒட்டிய ஃபோல்டரை கமிட் செய்தால் பழைய ப்ராஜெக்ட்டில் போய் விழுகிறது.

பதில்: 1.6 வரையிலான சப்வெர்ஷன் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ‘.எஸ்விஎன்’ வைக்கும். எந்தத் துணை ஃபோல்டரை எடுத்தாலும் பழைய முகவரி கூடவே வரும். 2011-இல் வந்த 1.7 முதல் அது மேல்மட்டத்தில் ஒன்றே ஒன்று. செக்அவுட்டின் (ரெப்போவிலிருந்து இறக்கிய பிரதி) மேல்மட்டத்தையே காப்பி செய்தால்தான் தொல்லை. ஒட்டிய ஃபோல்டருக்குள் ‘எஸ்விஎன் இன்ஃபோ’ கொடுத்து யூஆர்எல் வரியைப் பாருங்கள், எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

இனி காப்பிக்குப் பதில் ‘எஸ்விஎன் எக்ஸ்போர்ட்’ பயன்படுத்துங்கள். உங்கள் கணினியிலுள்ள செக்அவுட்டிலிருந்தே எடுக்கலாம். கமிட் செய்யாத திருத்தங்களும் வரும். பதிவில் இல்லாத ஃபைல்களும் ‘.எஸ்விஎன்’னும் வராது.

கேள்வி: ஒரு சிறிய ஃபோல்டரைத்தான் ஒட்டினேன். கமிட் பட்டியலில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் நிற்கின்றன.

பதில்: பில்டில் உண்டானவையும் இறக்கிய பேக்கேஜ்களும் அவை. பழைய ப்ராஜெக்ட்டின் மேல்மட்ட ‘.கிட்இக்னோர்’ அவற்றை மறைத்திருந்தது. அந்த ஃபைல் ஃபோல்டரோடு வரவில்லை. கிட் பதிந்தவற்றை மட்டும் எடுக்க ‘கிட் ஆர்க்கைவ்’ இருக்கிறது. பழைய ப்ராஜெக்ட்டின் மேல்மட்டத்தில் ‘கிட் ஆர்க்கைவ் ஹெட்’ என்று தொடங்கி ஃபோல்டர் பாதையைக் கொடுத்து, வெளிவருவதை பைப் வழியாக ‘டார் -எக்ஸ் -சி’க்கு (சி மட்டும் பெரிய எழுத்தில்) அனுப்பி, புதிய ப்ராஜெக்ட்டின் பாதையை எழுதுங்கள். கடைசியாக கமிட் செய்த நிலைதான் வரும். கமிட் செய்யாத திருத்தம் வராது.

‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய ஃபைல்களை ரெப்போவுக்கு வெளியே வைக்கும் எல்எஃப்எஸ்ஸின் விதி அதில்தான் இருக்கும். அது இல்லாமல் கமிட் செய்தால் பெரிய ஃபைல்கள் நேரடியாக ரெப்போவின் வரலாற்றில் ஏறிவிடும். பிறகு நீக்கினாலும் க்ளோன் எடை குறையாது.

கடவுச்சொற்கள் உள்ள ‘.என்வ்’ தவறி புஷ் ஆகியிருந்தால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கேள்வி: யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற வரலாறும் கூடவே வர வேண்டும். முடியுமா?

பதில்: முடியும், காப்பியால் அல்ல. ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவியைத் தனியாக நிறுவ வேண்டும். பழைய ப்ராஜெக்ட்டைப் புதிதாக ஒரு க்ளோன் எடுத்து, அதில் மட்டும் ‘--பாத்’தும் ஃபோல்டர் பாதையும் கொடுத்து இயக்குங்கள். அது வரலாற்றையே திருத்தி எழுதும் கருவி, வேலை செய்யும் பிரதியில் கை வைக்கக் கூடாது. ஃபோல்டர் முன்பு வேறு பெயரில் இருந்திருந்தால் அந்தப் பாதைக்கும் ஒரு ‘--பாத்’ சேருங்கள். இல்லையென்றால் பெயர் மாறிய நாளோடு வரலாறு அறுந்துவிடும். பலரும் இடறுவது இங்கேதான்.

பிறகு புதிய ப்ராஜெக்ட்டில் அந்த க்ளோனை ரிமோட்டாகச் (கமிட்களை எடுக்கும் முகவரி) சேர்த்து, ஃபெட்ச் (இறக்குதல்) செய்து, ‘--அலவ்-அன்ரிலேட்டட்-ஹிஸ்டரீஸ்’ சேர்த்து மெர்ஜ் செய்யுங்கள். 2016-இல் வந்த கிட் 2.9 முதல், இதைச் சொல்லாவிட்டால் தொடர்பில்லாத இரு வரலாறுகளை கிட் இணைக்க மறுக்கும். இப்படி எடுத்துவந்த வரலாற்றில் கமிட் எண்கள் மாறிவிடும். பழைய எண்ணை டிக்கெட்டுகளில் எழுதி வைத்திருந்தால் பழைய ரெப்போவை அழிக்காமல் வையுங்கள்.

கேள்வி: எக்லிப்ஸ் (நிரல் எழுதும் மென்பொருள்) ஒட்டிய ப்ராஜெக்ட்டை இம்போர்ட் செய்ய மறுக்கிறது.

பதில்: ‘.ப்ராஜெக்ட்’ ஃபைலில் பழைய பெயரே இருக்கிறது. ஒரே ஒர்க்ஸ்பேஸில் (எக்லிப்ஸ் ப்ராஜெக்ட்களைச் சேர்த்து வைக்கும் இடம்) ஒரு பெயர் இருமுறை வரக்கூடாது. எக்லிப்ஸை விட்டு வெளியே அந்த ஃபைலைத் திறந்து, ‘நேம்’ வரியை மாற்றிவிட்டு மறுபடி இம்போர்ட் செய்யுங்கள்.