கோடு முழுசா இருக்கு, வீடியோ ஏன் நகரவில்லை?

கேள்வி: அடுத்த தெருவிலேயே டவர். போனில் 4ஜி கோடுகள் முழுதாகக் காட்டுகின்றன. ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் யூடியூப் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தால் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. எப்படி?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: அந்தக் கோடுகள், டவரின் சிக்னல் உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பதை மட்டும்தான் காட்டும். அதே டவரை இன்னும் எத்தனை பேர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டாது.

டவரில் ஷெட்யூலர் என்று ஒரு மென்பொருள் உண்டு. இந்த நொடி யாருக்கு எவ்வளவு என்பதை 4ஜி-யில் விநாடிக்கு 1,000 முறை முடிவு செய்வது அதுதான். கைவசம் இருப்பதோ கொஞ்சம்: 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்றால் 50 பிளாக் (டவர் பங்கு போட்டுக் கொடுக்கும் அலைவரிசைத் துண்டு), 20 என்றால் 100. சிக்னல் எந்த லட்சணத்தில் வருகிறது என்று உங்கள் போனும் 0 முதல் 15 வரை மார்க் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். 1 மார்க் போனைவிட 15 மார்க் போனுக்கு ஒரே பிளாக்கில் முப்பது மடங்குக்கும் மேல் டேட்டா ஏறும்.

அப்படியானால் நல்ல மார்க்குக்கே கொடுத்துவிடலாமே? டவரின் மொத்த வேகம் பிரமாதமாக இருக்கும், ஊர்க்கோடி வீட்டுக்காரர் பட்டினி கிடப்பார். அதனால் பரவலாகப் பயன்படுவது ‘புரொபோர்ஷனல் ஃபேர்’ என்ற கணக்கு. ஒருவருக்கு இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை, இதுவரை கிடைத்த சராசரியால் வகுக்க வேண்டும். யாருக்கு விடை பெரிதோ அவருக்கு முதலில். என்னைக் கேட்டால் நியாயமான கணக்குதான். ஆனால் எட்டு மணிக்கு ஊரே வீடியோ பார்த்தால், டவருக்குப் பக்கத்து வீடு என்றாலும் உங்கள் பங்கு சுருங்கத்தான் செய்யும்.

மகளின் அழைப்பு வேறு ரகம். எந்தச் சேவைக்கு எப்படிப்பட்ட கவனிப்பு என்று நெட்வொர்க் வகுப்பு பிரித்து வைத்திருக்கிறது. வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே போகும் சாதாரண போன் பேச்சு, 1-ஆம் வகுப்பு: 20 மில்லி விநாடிக்கு ஒரு சின்னப் பொட்டலம், தாமதம் 100 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும், வேகத்துக்கு உத்தரவாதமும் உண்டு. யூடியூப் வழக்கமாக 9-ஆம் வகுப்பில் காத்திருக்கும். வாட்ஸ்அப் கால் பேச்சுதான் என்றாலும், டவருக்கு அதுவும் வெறும் டேட்டாதான். இன்றிரவு மகளை இரண்டு விதமாகவும் கூப்பிட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால், பெரும்பாலும் நெரிசல்தான்.

அப்புறம், புகார் கொடுக்கும்போது ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். காலை பதினோரு மணிக்கு ஆள் வந்து, வேகம் பார்த்து, ‘எல்லாம் சரி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ‘எட்டு மணிக்கு மேல் நெரிசல்’ என்று நேரத்தோடு சொல்லுங்கள்.